நாற்பது நிமிஷம் காலியாக இருக்கவேண்டிய மண்டபம்

நெடுவாக்குறிச்சி,
மாசி 6, செவ்வாய்.

சென்னையில் வீடியோக் கலைக் கண்காட்சிக்குப் படம் தேர்வு செய்யும் உயர்திரு தியாகராசன் ஐயா அவர்களுக்கு, மன்னார்குடிக்குக் கிழக்கே நெடுவாக்குறிச்சி தெற்குத் தெருவிலிருந்து சுடர்விழியின் அப்பாயி காத்தாயி கும்பிட்டு எழுதுவது. இங்கு நானும் ஆடு மாடுகளும் சுகம். தாங்களும் வீட்டம்மாவும் சுகமாக இருக்க ஐயனாரிடம் சொல்லியிருக்கிறேன். வீட்டம்மா பேர் தெரியாததால் பொதுவாகச் சொல்லியிருக்கிறேன். ஐந்தாம் வகுப்பில் கடிதம் எழுதச் சொல்லித்தந்த டீச்சர் இந்த இடத்தில் 'நிற்க' என்று போடச் சொன்னார். எனக்கு நிற்கப் பொறுமையில்லை, விஷயத்துக்கு வருகிறேன்.

என் பேத்தி போன வெள்ளிக்கிழமை தங்களுக்கு ஒரு படம் அனுப்பியிருக்கிறாள். ஆளில்லாத கட்டிடமும் வயலும் என்று படிவத்தில் எழுதியிருக்கிறாள். ஆனால் படத்தில் பன்னிரண்டாவது நிமிஷத்திலிருந்து பதினாலு பேர் இருக்கிறார்கள். அது அவள் குற்றமில்லை. கும்பகோணத்தில் ஓவியம் படித்தவள், எங்கள் வகையறாவில் முதல் பட்டதாரி. ரெண்டு வருஷமாக அனுப்பி ரெண்டு தடவையும் திரும்பிவிட்டது. இந்தத் தடவையும் இல்லையென்றால் கல்யாண வீடியோ எடுக்கிற ஸ்டுடியோவில் சேர்ந்துவிடுவேன் என்கிறாள். சொன்னால் செய்வாள், என் ரத்தம்.

நடந்தது இதுதான். துபாயில் இருக்கிற அப்துல் ரஹ்மான் தம்பி ரோட்டோரம் ஒரு கல்யாண மண்டபம் கட்ட ஆரம்பித்து, தூண், சுவர், சிமெண்டுத் தரை வரைக்கும் வந்து, கூரையும் கதவும் போடாமல் ஆறு வருஷமாக நிற்கிறது. வாசல் வழியாகப் பார்த்தால் வாய்க்காலும் வயலும் தெரியும். அங்கே கேமராவை வைத்து நாற்பது நிமிஷம் நிறுத்தாமல் ஓடவிட வேண்டுமாம், தூணின் நிழல் தரையில் நகர்வது தெரிய வேண்டுமாம், ஆள் கூடாது, ஆடு கூடாது. தம்பியின் அக்கா மெஹராஜ் பேகத்திடம் அனுமதி கேட்கப் போனோம். "தாராளமா எடும்மா. ஆனா அங்க ஒண்ணுமே இல்லையே" என்றார். "அதைத்தான் எடுக்கப்போறேன் பெரியம்மா" என்றாள் இவள். அவர் என்னைப் பார்த்தார், நான் வானத்தைப் பார்த்தேன்.

முதல் நாள் நான் விடியுமுன்னே போய் உள்ளே பெருக்கிவிட்டேன். சென்னையில் பார்க்கப்போகிற படத்தில் புறா எச்சமும் சருகுமாகக் கிடந்தால் நம்மை என்ன நினைப்பார்கள். அவள் வந்து பார்த்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அப்பாயி, அது ஆறு வருஷத்துக் குப்பை. அதுக்காகத்தான் நான் வந்ததே." அள்ளினதைத் திரும்பக் கொண்டுவந்து கொட்டினேன். கொட்டின குப்பை மாதிரி இருக்காம். சரியென்று காற்று அதுவாகச் சருகு சேர்க்கட்டும் என்று மூணு நாள் விட்டோம். அந்த மூணு நாளில், முன்னே எடுத்த பழைய மதகுப் படத்தை எனக்குப் போட்டுக் காட்டினாள். தண்ணீர் போகிறது, ஒருத்தரும் வரவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, மூணு தடவை எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விட்டேன். "அப்படித்தான் இருக்கணும் அப்பாயி" என்றாள். என்ன படிப்போ.

வெள்ளிக்கிழமைதான் அனுப்பக் கடைசி நாள். அன்றைக்குச் சுடர்விழி கேமராவை ஓடவிட்டுத் தன் நிழல் விழாமல் சுவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு ரோட்டில் காவல். அப்போது பார்த்து எங்கள் தெரு செவ்வந்தி டிராக்டரில் ஈர நெல்லோடு வருகிறாள். கொள்முதல் நிலையத்தில் ஈரம் இருபத்தொன்று காட்டுகிறது, பதினேழுக்கு இறக்கிக்கொண்டு வா என்று திருப்பிவிட்டார்களாம். காயப்போடலாமென்றால் ரோடு பூரா ஏற்கெனவே மற்றவர்கள் நெல்.

"என்னக்கா தனியா நிக்கிறே, யாரு வர்றா?"

"யாரும் வரக்கூடாதுன்னு நிக்கிறேன்."

"உள்ள என்ன நடக்குது?"

"ஒண்ணும் நடக்கல. அதைத்தான் பேத்தி படம் புடிக்கிறா."

"நல்ல சிமெண்டுத் தரை, இப்படி வெயிலு, அதுல ஒண்ணும் நடக்கலயா" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

நான் முடியவே முடியாது என்றுதான் சொன்னேன். பிறகு தாகமாக இருந்ததால் டீக்கடை வரை போனேன். அதற்குள் அவள் பரப்பிவிட்டாள், அவளைப் பார்த்து இன்னும் நாலு வீடு. சுடர்விழி எழுந்து பார்த்தாள். கத்தினால் குரல் பதிவாகிவிடும் என்று கையை மட்டும் ஆட்டியிருக்கிறாள். இன்னும் தள்ளிப் பரப்பச் சொல்கிறாள் என்று நினைத்து செவ்வந்தி மூலைவரை பரப்பினாள். நெல் காயப்போட வந்த புகழேந்தி கேமராவுக்கு நேரே நின்று, "இது எந்த டிவியா இருந்தாலும் சரி, ஈரப்பதத்தைப் பத்தி நான் பேசணும்" என்று ஆறு நிமிஷம் பேசினான். பேசினது நியாயம்தான், அது வேறு விஷயம். வேறு படம் எடுக்க நேரமில்லாமல் அதையே அனுப்பிவிட்டு, நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் இருக்கிறாள்.

ஆகையால் தாங்கள் அந்தப் படத்தைப் பார்க்காமல் ஒதுக்கிவைத்து, பத்து நாள் அவகாசம் தரவேண்டும். வருகிற வாரம் புதன்கிழமை நானே காவல் நின்று, ஒரு நெல்மணி இல்லாமல் மண்டபத்தைக் காலியாக வைத்துத் தருவேன். இது இராஜாங்கம் பெண்சாதி வாக்கு. தங்கள் வீட்டில் பால் பொங்கட்டும், பிள்ளைகள் பெரிய படிப்புப் படிக்கட்டும், முழங்கால் வலி அண்டாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
காத்தாயி

பின்குறிப்பு: தபாலில் போடுமுன் சுடர்விழியிடம் படித்துக் காட்டினேன். "அன்னிக்கு டீக்கடையே திறக்கல அப்பாயி" என்றாள். உண்மைதான். ரோட்டில் நின்று அந்தத் தரையைப் பன்னிரண்டு நிமிஷம் பார்த்தேன், அதற்குமேல் முடியவில்லை. கேமராவுக்குப் பின்னால் பரப்பிக்கொள் என்று செவ்வந்தியிடம் நான்தான் சொன்னேன். அவள் முன்னால் பரப்பிவிட்டாள். பச்சைச் சேலையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை காலால் நெல்லைக் கிளறிக்கொண்டு போவது நான். இன்னொன்று, நேற்று எங்கள் வயலும் அறுத்தாயிற்று. ஈரம் பத்தொன்பது. நாளையிலிருந்து மண்டபத்தில் எங்கள் நெல்தான் கிடக்கும், மழைமேகம் வேறு தெரிகிறது, எத்தனை நாள் ஆகுமோ. அதனால் புதன்கிழமை வேண்டாம், அவகாசமும் வேண்டாம். அனுப்பியதையே பாருங்கள். தூணின் நிழல் நெல்மேலும் நகரத்தான் செய்கிறது. நான் ரெண்டு தடவை பார்த்துவிட்டேன், ரெண்டு தடவையும் எழுந்து போகவில்லை.