மீசையைக் காக்க நாலு டயர்

பதுளை பஸார் வீதியில் ஹாட்வெயார் கடை நடத்தும் கஜேந்திரன் யாருக்கும் பயப்படாத மனிதர். கடையில் நிற்கிறவர்களைக் கேட்டால் ஆமாம் என்பார்கள். வியாபாரிகள் சங்கத்தில் கேட்டாலும் ஆமாம் என்பார்கள். அவருடைய மனைவி ஜீவராணியைக் கேட்டால் மட்டும் அவள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

கஜேந்திரனுக்குப் பெருமைப்பட இரண்டு சொத்து இருந்தது. ஒன்று மீசை. ஆணி வாங்க வருகிறவர்கள்கூட அதைப் பார்த்துவிட்டுத்தான் ஆணியைப் பார்ப்பார்கள். மற்றது கார்.

காரென்றால் சும்மா கார் இல்லை. கொழும்பில் ஒரு டாக்டர் ஓட்டி அலுத்த ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு நிறம். இரண்டே சீட். பொத்தானை அமுக்கினால் கூரை தானாக மடிந்து பின்பக்கம் போய் ஒளிந்துகொள்ளும். பதுளையில் அவர் அதை எப்போது திறந்தாலும் மழை பெய்தது. நனைந்துகொண்டே, "இதுதான் சுகம்" என்று சொல்லிப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவார். ஜீவராணியிடம் லைசென்ஸ் இருந்தது. கடை வேனை மலையெல்லாம் ஓட்டினவள் அவள். ஆனால் இந்தக் காரின் ஸ்டியரிங்கை மட்டும் அவள் துடைக்கலாம், பிடிக்கக்கூடாது.

இந்த மாசி மாதம் காரின் டயர்கள் தேய்ந்து வழுக்கையாகிவிட்டன. புது டயர் போடவேண்டும். எந்த டயர்? அங்கேதான் கஜேந்திரன் உலக மேதையானார். மூன்று வாரமாக வீட்டில் வேறு பேச்சே கிடையாது.

"ஜீவா, ரன்ஃப்ளாட்டுன்னா என்னா தெரியுமா?"

"நேத்து சொன்னீங்க."

"பக்கச் சுவரு சும்மா கல்லு மாதிரி. ஆணி குத்தி காத்து பூரா போனாலும் வண்டி நிக்காது. எண்பது கிலோமீட்டரு அதுபாட்டுக்கு ஓடும். மெதுவா போகணும், அம்புட்டுதான்."

"முந்தாநாளும் சொன்னீங்க."

"சாதா டயரு மெத்துன்னு இருக்கும். ஆனா பஞ்சரானா கதை முடிஞ்சிச்சு. இந்தக் காருல ஸ்பெயார் வீல் வைக்க எடமே இல்ல. நடுரோட்டுல நின்னா நின்னதுதான். அதனால ரன்ஃப்ளாட்டுதான் போடப்போறேன். பொம்பளைங்களுக்கு இதெல்லாம் எங்க வெளங்கப்போகுது!"

"எங்க வெளங்கப்போகுது" என்று ஒத்துக்கொண்டு ஜீவராணி ரொட்டிக்கு மாவு பிசைந்தாள்.

அப்போதுதான் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து போன் வந்தது. ஜீவராணியின் அண்ணன் முருகையா லயத்து வீட்டுப் படியில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். கட்டுப் போட்டாயிற்று, உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் நாளை மறுநாள் தோட்டத்தில் காமன் கூத்து தொடங்கப்போகிறது. சிவன் மன்மதனை எரிக்க, ரதி அழுகிற கதை. ரதி வேஷம் அந்தக் குடும்பத்துக்கு உரியது. தகப்பனுக்குப் பின் முருகையாதான் வருஷா வருஷம் சேலை கட்டி ஆடுவார். இப்போது யார் ஆடுவது?

போனை வைத்துவிட்டு ஜீவராணி நிதானமாகச் சொன்னாள்.

"வீட்டு மருமகன் நீங்க இருக்கீங்கன்னு தோட்டமே சொல்லுதாம்."

"நானா!"

"போன வருசம் கோயில் முன்னுக்கு நின்னு என்னா சொன்னீங்க? 'இதெல்லாம் ஒரு ரதியா, நான் ஆடுனா மன்மதனே மயங்கி விழுவான்'னு சொன்னீங்க தானே? கூத்து மாஸ்டர் அழகரு அத மறக்கவே இல்லையாம்."

கஜேந்திரனின் கை தானாக மீசைக்குப் போனது. ரதிக்கு மீசை கிடையாது. சேலை கட்டி, கொண்டை போட்டு, வளையல் குலுக்கி ஆடவேண்டும். அந்த வீடியோ ஒரே ராத்திரியில் சங்கத்து ஆட்கள் எல்லோருடைய போனிலும் வந்துவிடும். அதற்கப்புறம் பதுளையில் ஒருவனாவது அவருக்குப் பயந்து கடனைத் திருப்பிக் கொடுப்பானா?

வரமாட்டேன் என்று சொல்லிப் பார்க்கலாம்தான். ஆனால் அதை ஜீவராணியிடம் அல்லவா சொல்லவேண்டும்?

ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்தார். விடியும்போது வழி கிடைத்துவிட்டது. கூத்துத் தொடங்குகிற அன்று, ஆடுகிறவர்களுக்குப் பொழுது சாய்வதற்குள் காப்புக் கட்டியாக வேண்டும். அந்த நேரத்துக்கு அவர் போய்ச் சேராவிட்டால் அழகர் வேறு ஆளுக்குக் கட்டிவிடுவார். அதாவது, கார் வழியில் நின்றுவிட்டால் போதும். "இப்படிப்பட்ட காரை நடுரோட்டில் விட்டுவிட்டு வரமுடியாது, நீ பஸ்ஸில் போ" என்று ஜீவராணியை ஏற்றிவிட்டு, காருக்குக் காவலாக உட்கார்ந்துவிடலாம். மீசை தப்பித்தது! ஆனால் ரன்ஃப்ளாட் போட்டால் கார் நிற்காதே.

காலையில் கோப்பியைக் குடித்தபடி ஒன்றும் தெரியாதவர் மாதிரி ஆரம்பித்தார்.

"ஜீவா, நான் நல்லா யோசிச்சுப் பாத்தேன். சாதா டயரே போட்டுருவோம்."

"ரன்ஃப்ளாட்டு?"

"அது கட்டையில ஒக்காந்து போற மாதிரி இருக்கும். ஒனக்குத்தான் இடுப்பு வலி. ஒன் இடுப்பவிட எனக்கு டயரா பெருசு?"

ஜீவராணி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அவளுடைய இடுப்பு வலியை விசாரித்தது அதுதான் முதல் தடவை.

"சரிங்க. ஒங்க விருப்பம்" என்றாள்.

இவ்வளவு லேசில் முடிந்ததே என்று கஜேந்திரனுக்கு ஒரே சந்தோஷம். அன்றைக்கே காரை, எல்லோரும் நானா என்று கூப்பிடும் ஜுனைதீனின் டயர் கடையில் விட்டு, "நாலும் சாதா டயரு நானா" என்று சொல்லிவிட்டு வியாபாரத்தைப் பார்க்கப் போனார். சாயந்தரம் எடுக்கப் போனபோது ஜீவராணி அவருக்கு முன்னாலேயே அங்கே பூசைத் தட்டோடு நின்றாள். நாலு டயரிலும் பக்கம் முழுக்கச் சந்தனத்தை வழித்துப் பூசி, குங்குமப் பொட்டு வைத்திருந்தாள்.

"என்னாடி, இது டயரா, கல்யாணப் பொண்ணா?"

"புது டயருங்க. கண்ணு படும்."

"பில்லு எங்க நானா?"

"அக்காக்கிட்ட குடுத்திட்டேன் முதலாளி" என்று சொன்ன ஜுனைதீன், ஏனோ திரும்பி நின்று சிரித்தார். சந்தனத்தைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று கஜேந்திரன் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் இரண்டு பேரும் பூனாகலைக்குக் கிளம்பினார்கள். ஸ்பெயார் வீலுக்கு இடமில்லாத அந்தக் காரில் ஜீவராணி கட்டி வைத்த ரதியின் உடுப்புப் பெட்டிக்கு மட்டும் எப்படியோ இடம் கிடைத்தது. கஜேந்திரனின் சட்டைப் பையில் கடையிலிருந்து எடுத்த இரண்டு ஆணி இருந்தது. கூரைத் தகடு அடிக்கிற ஆணி. தலை அகலம், நட்டால் நேராக நிற்கும்.

தெமோதரையில் ரோட்டோரப் பிள்ளையார் கோயிலைக் கண்டதும் காரை ஓரங்கட்டினார்.

"புது டயரு எலுமிச்சம்பழம் ஏறலையே ஜீவா. இங்கயே ஏத்திருவோம்."

"அட, எப்பயிருந்து இவ்வளவு பக்தி?"

"நீ ஒக்காரு. நானே வைக்கிறேன்."

நாலு பழம் வாங்கினார். மூன்றை மூன்று சக்கரத்துக்கு முன்னால் பயபக்தியோடு வைத்தார். நாலாவது பழத்தைக் காருக்குப் பின்னால் குனிந்து, அடிப்பக்கமாக இரண்டு ஆணியையும் செருகி, முனை மேலே பார்க்க, இடது பின் சக்கரத்துக்கு முன்னால் வைத்தார். பிள்ளையாரைக் கும்பிட்டார். அவர் என்ன வேண்டிக்கொண்டார் என்று தெரிந்திருந்தால் பிள்ளையார் இறங்கி நடந்தே போயிருப்பார்.

கார் நகர்ந்தது. பழங்கள் நசுங்கின. கஜேந்திரன் காதைத் தீட்டிக்கொண்டார். மெல்லிசாக ஒரு "புஸ்".

கொஞ்ச தூரத்தில் ஸ்டியரிங்குக்கு முன்னாலிருந்த மீட்டர் பலகையில் மஞ்சள் லைட் ஒன்று எரிந்தது. காற்று குறைகிறது! அவருக்கு அந்த லைட் கார்த்திகை விளக்கு மாதிரி இருந்தது. கார் நிற்கும்போது எப்படி முகத்தை வைத்துக்கொள்வது, எப்படித் தலையில் கை வைப்பது என்று மனதுக்குள் பழகிக்கொண்டார்.

கார் நிற்கவில்லை.

ஒரு வளைவு போனது. இன்னொரு வளைவு போனது. வால் பக்கம் லேசாக ஆடியதே தவிர வேறொன்றும் இல்லை. முச்சக்கர வண்டியெல்லாம் ஹோன் அடித்து முந்திக்கொண்டு போனது.

"ஏங்க இவ்வளவு மெதுவா போறீங்க?"

"புது டயரு. பழகணும்ல."

பண்டாரவளையும் வந்துவிட்டது. இனிப் பொறுக்கமுடியாது என்று கஜேந்திரன் தானே காரை நிறுத்தினார். இறங்கிப் பின்னால் போய், பழகி வைத்திருந்தபடி தலையில் கை வைத்தார்.

"அய்யய்யோ ஜீவா! பஞ்சரு! மோசம் போயிட்டோமே! நீ பஸ்ஸப் புடிச்சுப் போ. நான் காருக்குக் காவலா இருக்கேன். அண்ணன்கிட்ட சொல்லு, எனக்குக் குடுத்து வைக்கல."

ஜீவராணி இறங்கிவந்தாள். டயரைச் செருப்புக் காலால் ஒரு தட்டுத் தட்டினாள்.

"இவ்வளவு தூரம் ஓடிச்சு தானே?"

"ஓடிச்சு... ஆனா..."

"அப்ப ஓடுற மட்டும் ஓட்டுங்க. நின்னா நான் பஸ்ஸுல போறேன். நின்ன பொறகு போறதுக்கும் இப்பவே போறதுக்கும் என்னா வித்தியாசம்?"

நியாயம்தான். அதோடு, பூனாகலை ரோட்டின் குழிகளைக் கஜேந்திரன் அறிவார். அந்தக் குழியில் லொறியே உட்கார்ந்துவிடும், இது எம்மாத்திரம்? நம்பிக்கையோடு ஏறினார். முதல் குழியில் கார் இறங்கி ஏறியது. இரண்டாவது குழியை அவரே தேடிப் போய் இறக்கினார். அதிலும் ஏறிவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் காரைத் திட்டினார். "நில்லு சனியனே" என்று அவர் முணுமுணுத்தபோது, தேயிலை மலைக்கு அந்தப் பக்கம் தப்பு மேளச் சத்தம் கேட்டது.

லயத்துச் சனமெல்லாம் ரோட்டுக்கு வந்து நின்றது. கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு முருகையா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கூத்து மாஸ்டர் அழகர். அவர் கையில் சவரக்கத்தி.

"வாங்க மாப்புள! பொழுது சாயிறதுக்குள்ள வந்துட்டீங்க. குடும்ப மானத்தக் காப்பாத்திட்டீங்க" என்று முருகையா கண் கலங்கினார். அந்தக் கண்ணீர் நிஜம். கஜேந்திரனுக்கும் கண் கலங்கியது. அதுவும் நிஜம்தான்.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. ஓடிப்போய் இடது பின் டயர் முன்னால் குந்தினார். டயர் சப்பையாகத்தான் இருந்தது. பிறகு எப்படி? காய்ந்த சந்தனத்தை விரலால் சுரண்டினார். அதற்கு அடியில் இங்கிலீஷில் பெரிய எழுத்து புடைத்துக்கொண்டு நின்றது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினார். ரன்ஃப்ளாட்.

நிமிர்ந்தபோது ஜீவராணி பக்கத்தில் நின்றாள்.

"மூணு வாரமா ரன்ஃப்ளாட்டு ரன்ஃப்ளாட்டுன்னு பாடுன மனுசன், அண்ணன் கால் ஒடஞ்ச மறுநாளே சாதா டயருக்கு மாறுனா எனக்கு வெளங்காதா? அதான் ரன்ஃப்ளாட்டே போடச் சொல்லி ஜுனைதீன் நானாவுக்குப் போன்ல ஒரு கோல் போட்டேன்."

"அப்ப... பழம்?"

"பழத்துல ஆணி செருகுறதப் பக்கத்துக் கண்ணாடியில பாத்தேங்க. பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டீங்க."

"டயரு வீணாப் போச்சேடி! ரன்ஃப்ளாட்டு குத்துனா ஒட்டக்கூட மாட்டானுங்க!"

"நானா குத்துனேன்?"

அதற்குள் தப்பு உச்சத்துக்குப் போனது. நாலு பேர் வந்து கஜேந்திரனைப் பாயில் உட்கார வைத்தார்கள். அழகர் கை தேர்ந்த கை. ஒரு இழுப்பு இந்தப் பக்கம், ஒரு இழுப்பு அந்தப் பக்கம். பதுளையே பார்த்து மரியாதை கொடுத்த மீசை ஒரு வெற்றிலையில் வந்து விழுந்தது. மணிக்கட்டில் மஞ்சள் காப்பு ஏறியது. கூட்டம் குலவை போட்டது.

"காப்பு ஏறிருச்சு. இனி காமன எரிக்கிற வரைக்கும் தோட்டத்து எல்லைய தாண்டக்கூடாது" என்றார் அழகர்.

"எத்தன நாளைக்கு?" என்று கேட்க வாயெடுத்த கஜேந்திரன், பின்னால் ஒரு சத்தம் கேட்டுத் திரும்பினார். அவருடைய காரின் எஞ்சின் உறுமியது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஜீவராணி.

"ஏய்! ஜீவா! எங்க போற?"

"கடைய யாரு தொறக்கிறது? நீங்க இங்க நிம்மதியா ஆடுங்க. நான் எரிக்கிற அன்னைக்கு வாறேன்."

"டயருல காத்து இல்லடி!"

"எண்பது கிலோமீட்டரு ஓடும்னு நீங்கதானே சொன்னீங்க? தெமோதரையில இருந்து இங்க வந்தது போக, வீட்டுக்குப் போக மிச்சம் இருக்கு. கணக்குப் பாத்துட்டேன்."

கஜேந்திரன் பாய்ந்து ஓடினார். தோட்டத்து வாசல்வரை ஓடினார். அங்கே ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டார். கையில் காப்பு.

ஜீவராணி பொத்தானை அமுக்கினாள். கூரை மடிந்து பின்னால் போனது. அன்றைக்கு வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

"என்னங்க!" என்று திரும்பிக் கத்தினாள். "மன்மதன் எரிஞ்ச பொறகு ரதி நெஞ்சுல அடிச்சு அழுவுற எடம் இருக்கு தானே, அதுல மட்டும் நல்லா அழணுமாம். அண்ணன் சொல்லச் சொல்லிச்சு!"

சிவப்புக் கார் மலை வளைவில் மறைந்தது. அந்த ஒரு காட்சிக்கு மட்டும் கஜேந்திரனுக்கு ஒத்திகை தேவைப்படவில்லை.