தகப்பன் பெயர்: கருப்பன்

காலண்டர் ஒரேயடியாக அறுநூற்று அறுபது வருஷம் முன்னால் பாய்ந்து 2603 என்று காட்டிய ஜப்பான்காரன் காலத்தில், செம்மறி ஆடுகளை முன்னேற்றுவதென்று மேலிடத்தில் முடிவாயிற்று. மனிதர்களை முன்னேற்றும் வேலை அதற்குள் முடிந்திருந்தது. அரிசி தின்று கெட்டுக் கிடந்த சனங்கள் மரவள்ளிக்கிழங்குக்கு முன்னேறி ஒரு வருஷம் ஆகிவிட்டது. பாக்கி ஆடுகள்தான்.

மலாயாவில் பீடோங்குக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், பெயர் கூப்பிடும் காலைப் பிரட்டின்போது தோட்டத்துக் கணக்கெழுதும் சீனிவாசகம் கிராணி தொண்டையைக் கனைத்துக்கொண்டு சுற்றறிக்கையை வாசித்தார்.

"மந்தைத் தகுதிப் பதிவு மற்றும் வம்சாவளி மதிப்பீட்டு இலாகா சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், ஒவ்வோர் ஆட்டுக்கும் எண், தகப்பன் பெயர், மாதாந்திர எடை பதியப்படும். கடாவின் தகுதி அதன் குட்டிகளின் எடையைக் கொண்டே நிர்ணயிக்கப்படும். குட்டிகளின் சராசரி பத்துக் காத்தியைத் தாண்டினால் அக்கடா முதல் வகுப்பு. முதல் வகுப்புக் கடாவின் வம்சம் முழுமைக்கும், தலைக்கு, தினம் கால்படி அரிசி."

அரிசி என்றதும் கூட்டத்தில் நாற்பது தொண்டைகள் எச்சில் விழுங்கின. சுண்ணாம்பு கலந்த அரிசியானாலும் அரிசி அரிசிதானே!

பால் வெட்டும் ராக்காயி அரிசிக் கணக்கை விரலில் எண்ணத் தொடங்கிவிட்டாள். அவள் புருஷன் வீரசாமி மலேரியாக் காய்ச்சலில் படுத்து இரண்டு மாசம். கிழங்கு வயிற்றில் நிற்கவில்லை. "அரிசிக் கஞ்சி குடுத்தா எந்திரிச்சிடுவான், இல்லாட்டி சொல்றதுக்கில்ல" என்று ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் கைகழுவிவிட்டார். அரிசிக்கு எங்கே போவாள்? ஆனால் தோட்டத்தின் ஒரே செம்மறிக் கடா கருப்பன் அவளுடையது.

மறுநாளே நான்கு குட்டிகளை ஓட்டிக்கொண்டு ரப்பர் பால் நிறுக்கும் கொட்டாய்க்குப் போய் நின்றாள்.

"தகப்பன் யாரு?" என்றார் கிராணி, பேனாவை மையில் தொட்டு.

"கருப்பன்தாங்க."

"அத்தாட்சி?"

"தோட்டத்துல இருக்கிறதே ஒரு கடா! பின்ன என்ன, நீங்களா?"

கிராணி எழுதிக்கொண்டார். குட்டிகளை நிறுத்தார். ஒவ்வொன்றும் பன்னிரண்டு காத்தி. நோட்டில் ஒன்பது என்று போட்டார்.

"ஐயோ, பன்னெண்டுதானே காட்டுச்சு?"

"மூணு காத்தி தண்ணிக் கழிவு."

"ஆட்டுல ஏதுங்க தண்ணி? இது என்ன ரப்பர் பாலா?"

"ராக்காயி, இருபது வருஷமா இந்தத் தராசுல நிறுக்கிறேன். தண்ணி கலக்காம ஒருத்தனாச்சும் கொண்டாந்திருக்கானா? நிறுவைன்னு வந்தா கழிவு உண்டு. அது முறை."

அவர் சொன்னதும் பொய்யில்லை. பால் வாளியில் தண்ணீர் ஊற்றாத கை அந்தத் தோட்டத்தில் கிடையாது. ராக்காயி வீட்டுக்குப் போய் யோசித்தாள். கழிப்பது நிச்சயம் என்றால் ஊற்றுவதுதானே நியாயம்? அடுத்த மாச நிறுவைக்கு முன்னால், அதுவரை ஒரு காத்தியும் ஏறாத குட்டிகளை ஓடையில் முக்கி எடுத்தாள். ரோமம் நீரைக் குடித்துத் தொப்பென்று தொங்கியது. தராசு பதினைந்து காட்டியது. மூன்று போனால் பன்னிரண்டு. பால் வெட்டத் தொடங்கிய நாள் முதல் அவள் செய்த நிறுவைகளிலேயே உண்மையான எடை பதிவானது அன்றைக்குத்தான்.

கருப்பன் முதல் வகுப்பு வாங்கினான். நான்கு குட்டிகளுக்குமாகத் தினம் ஒரு படி அரிசி வந்தது. குட்டிகள் புல்லைத் தின்றன. வீரசாமி கஞ்சி குடித்தான். ஒரு வாரத்தில் திண்டு வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தான். ராக்காயி கருப்பனின் நெற்றியில் குங்குமம் வைத்தாள்.

கஞ்சி வாசம் கூலிகள் குடியிருந்த லயம் முழுக்க ஊர்ந்தது. வாசம் எட்டாத மூக்கு உண்டா? பக்கத்து வீட்டுப் பிச்சை நேராக ஆபீசுக்குப் போனான். அவனுக்கு ஏழு பிள்ளைகள், ஆடு ஒன்றுகூடக் கிடையாது.

"கிராணி ஐயா, என்னைய எழுதிக்குங்க."

"எதுல?"

"ஆட்டு ரெஜிஸ்தர்லதான். பிள்ளைங்களையும் சேர்த்து எட்டுத் தலை."

"உனக்குப் பைத்தியமா லா? நீ மனுசன்டா!"

"மனுசனுக்கு என்னா குடுக்கிறீங்க?"

கிராணி இந்தக் கேள்விக்குச் சுற்றறிக்கையைப் புரட்டினார். ஆடு என்றால் நான்கு கால் இருக்கவேண்டும் என்று சுற்றறிக்கையில் ஒரு வரியும் இல்லை. எண் வேண்டும், எடை வேண்டும், தகப்பன் பெயர் வேண்டும். "தகப்பன் பெயர் என்னன்னு போட?" என்றார்.

"கருப்பன்னு போடுங்க. முதல் வகுப்பு வம்சத்துக்குத்தானே அரிசி?"

பிச்சையின் சொந்தத் தகப்பன் பாலிங் ஊரில் உயிரோடு இருந்தார். அவர் எந்த வகுப்பும் வாங்கியதில்லை.

ஒரு மாசத்துக்குள் தோட்டமே பதிவாகிவிட்டது. தராசு ஏறுமுன் எல்லாரும் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தார்கள், கழிவு உண்டே. அழகம்மா, குழந்தைவேலு, கோயில் பண்டாரம் ராமையா, எல்லாரும் கருப்பன் பெற்ற பிள்ளைகள். ராக்காயிகூட முப்பத்தோராம் நம்பர். கடைசியில் ஒருநாள், கதவைச் சாத்திக்கொண்டு, கிராணியும் தம்மை நிறுத்துக்கொண்டார். நூற்றுப் பத்துக் காத்தி. தமக்கு மட்டும் தண்ணீர் கழிக்கவில்லை. தகப்பன் பெயருக்கு வந்தபோது பேனாவை இரண்டு தரம் கீழே வைத்தாராம். அப்புறம் பசி எழுதிவிட்டது.

ஒரு பெயர் ஆட்டு ரெஜிஸ்தரில் ஏறினால், கூலியாள் ரெஜிஸ்தரில் அது அடிக்கப்படவேண்டும். ஒரே தலைக்கு இரண்டு ரேஷன் கூடாது. கிராணி நேர்மையான மனிதர், சிவப்பு மையால் அடித்தார். அதில் வீரசாமி மட்டும் மிஞ்சினான். நிறுவைக்கு நடந்துவர அவனுக்கு இன்னும் தெம்பு வரவில்லை.

எண்பது காத்திக் குட்டிகள் என்று அறிக்கை போனதும் இலாகா துரை காரில் பறந்து வந்தார். வாள் தரையில் உரச இறங்கினார். ஜப்பான் துரைக்குத் தலை வணங்காவிட்டால் கன்னம் வீங்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். தோட்டமே இடுப்பை மடித்துத் தலை கவிழ்ந்து நின்றது. துரை குனிந்த தலைகளை, ஓரத்தில் மேய்ந்த நான்கு குட்டிகளையும் சேர்த்து, எண்ணினார். ரெஜிஸ்தரைப் பார்த்தார். கணக்கு ஒத்திருந்தது.

"இவைதான் ஆடுகளா?"

இல்லையென்றால் பொய்க் கணக்கு. பொய்க் கணக்குக்கு வாள். கிராணி குனிந்தபடியே, "ஹாய்" என்று ஜப்பான் பாஷையில் ஆமாம் போட்டார்.

"நல்ல ஒழுக்கம். தகப்பன் எங்கே?"

கருப்பனை இழுத்துவந்தார்கள். அதற்குக் குனியத் தெரியாது. துரை அதையே தூக்கித் தராசில் வைக்கச் சொன்னார்.

"நாற்பது காத்தி! பிள்ளைகள் எண்பது, தகப்பன் நாற்பதா? பக்கேரோ! வம்சத்துக்கே அவமானம். அடித்துவிடு."

"ஐயையோ, அடிச்சுடாதீங்க சாமி!" என்று ராக்காயி அலறினாள்.

"பேரைத்தான் அடிக்கச் சொன்னாரு" என்று கிராணி முணுமுணுத்து, கருப்பனை ஆட்டு ரெஜிஸ்தரிலிருந்து சிவப்பு மையால் நீக்கினார்.

துரை அடுத்த நோட்டைத் திறந்தார். "தொழிலாளர் ஒரே ஒருவனா? இத்தனை ஆட்டை ஒருவனே மேய்க்கிறானா? அபாரம்! அவனுக்கு மாதம் பத்துப் படி அரிசி கொடு. ஆடுகளுக்கு இனிமேல் அரிசி வேண்டாம். இவ்வளவு முன்னேறிய இனத்துக்குப் புல் போதும். தோட்டத்தில்தான் நிறைய இருக்கிறதே."

கார் போய்விட்டது. கிழங்கு ரேஷனும் கிடையாது. கிழங்கு மனிதர்களுக்கு உள்ளது.

மறுநாள் வீரசாமி வீட்டு வாசலுக்கு அரிசி மூட்டை வந்து இறங்கியது. அவன் சுவரைப் பிடித்து எழுந்து, அடுப்பில் பெரிய பானையை ஏற்றிவிட்டுக் கதவைத் திறந்தான். கிராணி, பிச்சை, அவன் ஏழு பிள்ளைகள், லயம் மொத்தமும் கையில் தகரக் குவளையோடு, பழகிப்போன இடுப்பை மடித்து, தலை கவிழ்ந்து நின்றார்கள்.

"என்னா எல்லாரும் இப்படி?" என்றான் வீரசாமி. அவர்களில் ஒருத்தியாக ராக்காயியும் நின்றதைப் பார்த்துத் திடுக்கிட்டான். "அடி, நீயுமா?"

"முப்பத்தொண்ணு" என்றாள் அவள், தலை நிமிராமல்.

கருப்பன் மட்டும் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு, தலை நிமிர்த்தி, வீட்டுக்குள் நுழைந்து பானைக்குப் பக்கத்தில் போய் நின்றான். அவன்தான் ஆடு இல்லையே.