மடக்கு அடுப்பு என்பது தனி அடுப்பு அல்ல

செராமிக் தொழிற்பேட்டை,
விருத்தாசலம்.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி ராஜமாணிக்கம் அவர்களின் சமூகத்திற்குக் கொளஞ்சியப்பன் கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் மனைவி பூங்கோதையும் சூளையும் நலம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் எங்கள் பெண் இளமதியும் நலமா என்று கேட்பது முறை. கேட்கிற தகுதி எனக்கு இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று தெரியாததால், கேட்டதாக வைத்துக்கொள்ளவும்.

கையில் போன் இருக்கும்போது இந்த ஆள் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று தாங்கள் நினைக்கலாம். போன் போட்டால் சம்பந்தியம்மா எடுக்கிறார். "அவங்க வூட்ல இல்லிங்க" என்கிறார். பின்னாலேயே தாங்கள் தும்முகிறீர்கள். நிச்சயதார்த்தத்தன்று தட்டு மாற்றப் போகும் நேரத்தில் தும்மி, எல்லோரையும் உட்கார வைத்துத் தண்ணீர் குடிக்க வைத்த தும்மல் அது, எனக்கு அடையாளம் தெரியாதா? கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது எழுதிக் கட்டிவிடலாம் என்று பூங்கோதை சொன்னாள். சம்பந்தி மேல் சாமியிடம் பிராது கட்டினால் அது சமாதானம் ஆகாது, கேஸ் ஆகிவிடும் என்று நான்தான் தடுத்தேன். ஆகையால் இதைத் தங்கள் உரக்கடைக்கே, திட்டக்குடி பஸ்ஸில் கண்டக்டராகப் போகும் பச்சமுத்து கையில் கொடுத்தனுப்புகிறேன். யூரியா மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து படிக்கவும்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தலைத் தீபாவளிக்குப் பிள்ளைகளை இங்கே அனுப்பி வைக்க வேண்டும். "அதான் தனி அடுப்பு குடுத்துட்டாங்கல்ல, தீவாளியையும் தனியாவே கொண்டாடிக்கிட்டும்" என்று சம்பந்தியம்மா சொல்லிவிட்டதாக இளமதி போனில் அழுதாள். பெண்ணைக் கட்டிக்கொடுத்து வருகிற முதல் தீபாவளி. வாசலில் மாப்பிள்ளையின் செருப்பு இல்லாமல் பொழுது விடிந்தால் இந்தத் தெருவில் நான் எப்படித் தலைகாட்டுவேன்? அந்த மானம் கிடக்கட்டும், விடுங்கள். எங்களுக்கு இருப்பது ஒரே பிள்ளை. அவள் வராவிட்டால் எங்கள் இரண்டு பேருக்கும் சோறு இறங்காது.

நடந்தது என்னவென்றால், மோதிரமா செயினா என்று மாப்பிள்ளை பிரவீன்குமாரிடம் நான்தான் கேட்டேன். "அதெல்லாம் வேணாம் மாமா. வெறகு வச்சு எரிக்கிற மடக்கு அடுப்பு ஒண்ணு வாங்கிக் குடுங்க, போதும். நாங்க கேம்பிங் போவோம்" என்றார். கேம்பிங் என்றால் என்ன மாப்ள என்றேன். "மலையில போயி டென்ட் போட்டுத் தங்குறது மாமா. வெட்டவெளியில சமைச்சு சாப்புடுறது." கூரை வீட்டிலிருந்து மாடி வீட்டுக்கு வர எங்கப்பா பட்ட பாடு எனக்குத் தெரியும், இவர்கள் மாடியிலிருந்து இறங்கித் துணி வீட்டுக்குப் போகிறார்கள். இருந்தாலும் மாப்பிள்ளை வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். அதுவும் யாரிடம் கேட்டிருக்கிறார்? பீங்கான் ஃபியூஸ் சுடுகிறவனிடம். ஆயிரத்து இருநூறு டிகிரிக்குச் சூளை ஏற்றுகிறவனிடம் போய் ஒரு அடுப்பு. எனக்குத் தலைகால் புரியவில்லை. நெருப்பைப் பற்றி எனக்குத் தெரியாததா என்று அன்று சாயங்காலமே வெல்டிங் கடை கோதண்டபாணியிடம் போய் நின்றேன்.

"மடக்குற கட்டில் தெரியும், மடக்குற நாற்காலி தெரியும். அடுப்ப எதுக்குண்ணே மடக்கணும்?" என்றான். மலைக்குத் தூக்கிக்கொண்டு போக என்றேன். செய்து கொடுத்தான். காலுக்குக் கட்டடக் கம்பி, மடிப்புக்கு இரும்பு கேட்டுக்குப் போடுகிற கீல். அதைத் தூக்கிக்கொண்டு மலை ஏறுவதைவிட மலையைக் கீழே வரச் சொல்வது சுலபம். பற்ற வைத்துப் பார்த்தால் சூட்டில் கீல் இறுகி, விரித்தது விரித்தபடி நின்றுவிட்டது. இப்போது அதன்மேல் துளசித் தொட்டி இருக்கிறது. சரி, ஆன்லைனில் பார்ப்போம் என்று ஒன்று போட்டேன். படத்தில் காடு, ஆறு, பெரிய பாத்திரம், பக்கத்தில் தாடி வைத்த ஒருவன் சந்தோஷமாக இருக்கிறான். அளவு மில்லிமீட்டரில் போட்டிருந்ததை நான் சென்டிமீட்டர் என்று படித்துவிட்டேன். அந்தக் கணக்கில் அது கல்யாண மண்டபத்துக் கோட்டையடுப்பு அளவு வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, வைக்க இடம் வேண்டும் என்று கார் ஷெட்டைக் காலி செய்து வைத்தேன். வந்தது ஒரு கவர். விளக்கப் புத்தகம் முதலில் வந்திருக்கிறது, அடுப்பு பின்னால் லாரியில் வரும் என்று நானும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூங்கோதை கவரைப் பிரித்து, விரித்து, உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். அதில் ஒரு டம்ளர் டீ போடலாம், டம்ளருக்குச் சம்மதம் என்றால்.

அடுத்தது டைட்டானியம். தூக்கினால் தூக்கியது தெரியாது. மொட்டை மாடியில் வைத்துச் சுள்ளி போட்டேன், ஜம்மென்று பிடித்தது. கொஞ்ச நேரத்தில் தகடு சிவந்து, பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்துகொண்டது. எரிகிறது, மடங்க மாட்டேன் என்கிறது. நானும் மிதித்துப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். இதற்குள் பக்கத்து மாடியில் வடகம் காயப் போட்டிருந்த அம்மா முறத்தோடு வாசலுக்கு வந்து, "எங்க வூட்டு வடகமெல்லாம் பொகை வாசம் அடிக்குது, நீங்களே மோந்து பாருங்க" என்றார். மோந்து பார்த்தேன். அடித்தது. மொத்த வடகத்தையும் நாங்களே வாங்கிக்கொண்டோம். தங்களுக்கு வேண்டுமானால் சொல்லவும்.

கடைசியில்தான் சம்பந்தி, அந்த அடுப்பு வந்தது. எவர்சில்வர். பக்கத்துக்குப் பக்கம் கீல், விரித்தால் ஆறு மூலை, மடித்தால் ஒரு நோட்டுப் புத்தகம். காற்று கீழேயிருந்து ஏற ஓட்டை, குச்சி தள்ள நல்ல அகலமான வாய், கங்கு கீழே காய்ந்த சருகில் விழுந்து காட்டைக் கொளுத்திவிடாமல் சாம்பலுக்கு அடியில் ஒரு தட்டு, பாத்திரம் ஆடாமல் உட்கார மேலே மூன்று முட்டு. நெருப்பு தெரிந்தவன் செய்த சாமான். தண்ணீர் வைத்தேன், கொதித்தது. நான் குதித்தேன். "சூளைக்காரரு தண்ணி கொதிச்சதுக்கா இந்த ஆட்டம் ஆடுறீங்க" என்று பூங்கோதை சிரித்தாள். அந்தச் சந்தோஷத்தில் புத்தி மழுங்கிப் போனதுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

தீபாவளிக்கு அழைக்க வரும்போது அடுப்பைப் பையில் போட்டு மாப்பிள்ளை கையில் கொடுத்திருக்க வேண்டும். பூங்கோதைதான் சீர் என்றால் தட்டில்தான் வைக்க வேண்டும் என்றாள். தட்டில் வைத்தோம். வெறும் இரும்பைக் கொடுக்கக் கூடாது, மஞ்சள் குங்குமம் வை என்றாள். வைத்தோம். வெறும் அடுப்பைக் கொடுத்தால் தரித்திரம், கூட அரிசி பருப்பு வேண்டும் என்றாள். அதையும் வைத்தோம். அரிசி பருப்பு வைத்துவிட்டு உப்பு வைக்காமல் விடலாமா? விருத்தாசலத்துக்காரன் உப்பைப் பொட்டலத்தில் கட்டிக் கொடுத்தான் என்று பேராகிவிடும் என்று பக்கத்து யூனிட்டில் பூப்போட்ட பீங்கான் ஜாடி வாங்கி அதில் நிரப்பினோம். அடுப்போடு இலவசமாக இரண்டு தட்டும் இரண்டு டம்ளரும் வந்திருந்தன, அவையும் ஏறின. அடுப்பு இருக்கிறது, நெருப்பு வேண்டாமா என்று கடைசியில் ஒரு தீப்பெட்டியை வைத்தவன் நான். ரொம்பப் பெருமையாக வைத்தேன்.

அப்புறம் நடந்ததற்குத் தாங்களே சாட்சி. சம்பந்தியம்மா தட்டை மூடியிருந்த துணியை எடுத்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வேறு எட்டிப் பார்த்தார்கள்.

"என்னண்ணே இது?"

"அடுப்பும்மா."

"யாருக்கு?"

"புள்ளைங்களுக்குத்தான்."

"ஏன், எங்க வூட்டு அடுப்பு எரியலியா?"

"எரியுதும்மா, நல்லா எரியுது. இது அவங்க தனியா போறப்ப வச்சுக்க."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. பூங்கோதை சமாளிக்கிறேன் என்று, "இப்ப வேணாங்கறப்போ மடக்கி வச்சுக்கலாம், வேணுங்கறப்போ விரிச்சுக்கலாம்" என்றாள். சம்பந்தியம்மா என்னைப் பார்த்து, "அப்ப ரொம்ப நாளா யோசிச்சுத்தான் வாங்கியிருக்கீங்க" என்றார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "ஆமாம்மா, நாலு அடுப்பு பார்த்துட்டுத்தான் இத முடிவு பண்ணோம்" என்றேன். அந்த நேரம் பார்த்து மாடியில் கம்ப்யூட்டர் வேலையாக இருந்த மாப்பிள்ளை காதில் மாட்டிய ஹெட்போனோடு இறங்கி வந்து, தட்டைப் பார்த்து, "மாமா, இதுக்காகத்தான் இத்தினி நாளா காத்துக்கிட்டிருந்தேன்" என்று என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். சம்பந்தியம்மா எழுந்து உள்ளே போனவர் போனவர்தான். காப்பி வந்தது, அவர் வரவில்லை.

சம்பந்தி, நீங்களே நியாயம் சொல்லுங்க. அந்த அடுப்பில் எவனாவது குடித்தனம் நடத்த முடியுமா? இட்லிப் பானை உட்காராது. குச்சி தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், திரும்பிப் பார்த்தால் அணைந்துவிடும். இதை வைத்துத் தனிக்குடித்தனம் போனால் ஒரே வாரத்தில் டைவர்ஸுதான். அந்த வார்த்தையை அடித்துவிடுகிறேன், நல்ல நாள் அதுவுமாக என் பேனாவுக்குப் புத்தியில்லை. மடக்கு அடுப்பு வேறு, தனி அடுப்பு வேறு. மடக்கு அடுப்பு ரெண்டு நாளில் வீட்டுக்குத் திரும்பி வரும். உங்க வீட்டை நான் எதற்குத் தேடி வந்தேன்? எங்க வீட்டில் இளமதிக்குப் பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது, நான் சூளைக்கும் அவள் அம்மா டிவிக்கும் போய்விடுவோம். உங்க வீட்டு அடுப்படியில் நாலு பேர் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் பெண்ணைக் கொடுத்தேன். போன மாதம் போனில் பேசும்போது இளமதி "அம்மா கொழம்ப விட அத்தை கொழம்புதாம்பா நல்லாருக்குது" என்றாள். இது பூங்கோதைக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அப்படிப்பட்ட பிள்ளையைப் பிரித்து வைக்க நான் என்ன பைத்தியமா? அந்த அடுப்பை ஒரு சாக்கில் கட்டிப் பச்சமுத்துவிடம் கொடுத்துவிடுங்க. சூளையில் போட்டுப் பொசுக்கிவிடுகிறேன். மாப்பிள்ளைக்கு மோதிரமே போடுகிறேன். சம்பந்தியம்மா காலில் விழு என்றாலும் விழுகிறேன், என்னைவிட வயதில் சின்னவர் என்பதால் யோசிக்கிறேன், அவ்வளவுதான். பிள்ளைகளை மட்டும் அனுப்பி வைங்க.

பழமலைநாதர் தங்கள் குடும்பத்தையும் உரக்கடையையும் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும். பயிர் விளைய, கடன் வசூலாக, சளி நீங்க வேண்டுகிறேன். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தை அவர் கோபத்தில் இல்லாத நேரம் பார்த்துச் சொல்லவும்.

என்றும் தங்கள்,
கொளஞ்சியப்பன்

பி.கு.: கடிதத்தை ஒட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பஸ்ஸு வந்திருக்கவில்லை. மாப்பிள்ளை போன் செய்தார். "மாமா, அம்மா அந்த அடுப்ப பத்த வச்சிட்டாங்க" என்றார். கோபத்தில் அடுப்பையே கொளுத்திவிட்டார் என்றுதான் நினைத்தேன். விஷயம் அதுவல்ல. காலையில் உங்க வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டதாம். நீங்க டீ டீ என்று கத்தினீர்களாம். வேறு வழியில்லாமல் சம்பந்தியம்மா தோட்டத்தில் அதை விரித்து, தென்னம்பாளையை ஒடித்துப் போட்டு டீ வைத்திருக்கிறார். உங்களுக்கு ஒரு டம்ளர் கொடுத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து இளமதியும் அவருமாக மறுபடி மறுபடி வைத்துக் குடித்தார்களாம். "ஏன்டா, இத வச்சுக்கிட்டு மலைக்குப் போனா நல்லாத்தாண்டா இருக்கும்" என்றாராம். ஆக, தீபாவளிக்குப் பிள்ளைகள் இங்கே வரவில்லை. கல்வராயன் மலைக்குப் போகிறார்கள். சம்பந்தியம்மாவும் போகிறார். வீட்டுக்கு ஓடி வந்து பூங்கோதையிடம் சொல்லலாம் என்றால் அவள் முறுக்கை டப்பாவில் அடைத்துக்கொண்டிருக்கிறாள், சம்பந்தியம்மாவே போன் செய்து அவளையும் கூப்பிட்டுவிட்டாராம். "அப்ப நானு?" என்றேன். "டென்ட்டு நாலு பேருக்குத்தானாம், நீங்க வூட்டப் பாத்துக்குங்க" என்றாள். உங்களைப் பற்றியும் கேட்டேன். "அவருக்குத்தான் கடை இருக்குதே" என்றாள்.

ஒட்டிய கடிதத்தைப் பிரித்து இதை எழுதுகிறேன். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை, நான் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்பில் சமைக்கப் போகிறார்கள், எனக்கு இது போதும். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் யூரியா மூட்டைக்குப் பின்னாலேயே கிழித்துப் போட்டுவிட்டு, தலைத் தீபாவளிக்கு நீங்க எங்க வீட்டுக்கு வந்துடணும். மாப்பிள்ளைக்கு எடுத்த பட்டு வேட்டி இருக்கிறது, சட்டைதான் உங்க வயிற்றுக்குப் பத்தாது. விடிகாலையில் எண்ணெய் நான் தேய்த்துவிடுகிறேன். வென்னீருக்குக் கவலை இல்லை, தண்ணீர் கொதிக்க வைப்பதில் எனக்கு இப்போது நல்ல பழக்கம். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. பச்சமுத்துவிடம் ஒரு வரி பதில் சொல்லி அனுப்பவும்: உங்களுக்குச் சோறு வடிக்கத் தெரியுமா? அன்றைக்கு ஓட்டலெல்லாம் பூட்டு.