மடுவத்தில் போய் இறங்கிய மாப்பிள்ளை

சைக்கிள் கடைக் குடும்பத்துப் பையனுக்குத் தாராளமாகப் பெண் கொடுக்கலாம். அவன் நட்டு, போல்ட்டு முடுக்கிப் பூட்டிய சைக்கிளில் மட்டும் ஏறக் கூடாது. இதை வேறு யாராவது சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். நானே சொல்கிறேன்.

இலங்கை மலையகத்து ஹட்டனில் எங்கள் கடை. தாத்தா தொடங்கியது. அப்பா, சித்தப்பா, அக்கா புருசன் என்று எல்லார் நகக்கண்ணிலும் கிரீஸ். வீட்டில் சண்டை வந்தால்கூட, "மண்டையில நட்டு கழண்டுருச்சா?" என்றுதான் திட்டுவார்கள். அப்பேர்ப்பட்ட வம்சத்தில் வந்த நான், அறுபதுகளின் தொடக்கத்தில், திம்புள்ளப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றுக்குப் பெண் பார்க்கப் போனேன். பெண்ணின் அப்பா அங்கே கணக்கப்பிள்ளை. "சைக்கிள் கடைக்காரனுக்கா?" என்று முதலிலேயே இழுத்தவர். ஆனால் அவர் மகள் செல்வராணியின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. (அம்மாவின் சமையலைக் குறை சொல்லவில்லை.)

ஆகவே சைக்கிளிலேயே போய் இறங்கி மாமனாரை அசத்துவது என்று முடிவு செய்தேன். காலையில் பிரேக் கட்டைகளைக்கூடக் கழற்றி, அவற்றின் இரும்புக் கூடுகளைப் பளபளவென்று தேய்த்து மாட்டினேன்.

"பிரேக்க சரியாப் பூட்டுனியாடா?" என்று கேட்டார் அப்பா.

"எனக்கேவா சொல்லித் தர்றீங்க?" என்றேன்.

பஸ் கூரையில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போய்த் தோட்டத்துச் சந்தியில் இறங்கினோம். அப்பாவும் அம்மாவும் குறுக்குப் பாதையில் நடந்து முன்னால் போய்விட்டார்கள். நான் தலையைச் சீவிக்கொண்டு, இறக்கமான ரோட்டு வழியாகச் சைக்கிளில் இறங்கினேன். வளைவில் முன் பிரேக்கைப் பிடித்தேன். ரப்பர் கட்டைகள் துள்ளி ரோட்டில் விழுந்தன. பின் பிரேக்கைப் பிடித்தேன். அவையும் விடைபெற்றுக்கொண்டன. கூட்டின் மூடிய பக்கம் சக்கரம் சுழலும் திசையில் இருந்தால்தான் கட்டை நழுவாது. எங்கள் வீட்டில் பால்குடிப் பிள்ளைக்கும் இது தெரியும். நான் எல்லாவற்றையும் திருப்பி மாட்டியிருந்தேன்.

கீழே ரோட்டில் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அதற்கப்பால் கணக்கப்பிள்ளை வீட்டு வாசலில் எல்லாரும் எனக்காக நின்றார்கள். மணி கிணுகிணுக்க, சிதறி ஓடிய பிள்ளைகளைக் கடந்து, பெற்றோரைக் கடந்து, வருங்கால மாமனாரையும் கடந்து, நேரே கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குள் புகுந்து, குவித்திருந்த கொழுந்தில் தலைகுப்புற விழுந்தேன்.

கொழுந்து நிறுக்க வந்திருந்த பெண்கள் காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள்.

"யாரு தம்பி நீங்க?"

"மாப்பிள்ள," என்றேன். (வேறு என்ன சொல்ல?)

"அப்ப தராசுல ஏத்துங்கடி, எத்தன றாத்தல் தேறுதுன்னு பாப்போம்," என்றார் ஓர் அக்கா. சிரித்துக்கொண்டே தன் முந்தானையால் என் முழங்கால் இரத்தத்தையும் துடைத்துவிட்டார். அந்தக் கைகளுக்கு இன்றும் ஒரு கும்பிடு.

தலையெல்லாம் கொழுந்தோடு நொண்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். கணக்கப்பிள்ளை என் அப்பாவைப் பார்த்துச் சொன்னார்: "சொந்த சைக்கிளயே ஒழுங்காப் பூட்டத் தெரியலங்க. இவர நம்பி எம்மகள எப்படி அனுப்புறது?"

அப்பா வெறும் கூடுகளைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது ஜன்னலுக்குப் பின்னாலிருந்து செல்வராணியின் குரல் வந்தது. "அப்பா, அந்த வேகத்துலயும் அவரு மணிய விடாம அடிச்சாரு. அதனாலதான் பிள்ளைங்க ஒதுங்குனாங்க. தன்னப் பத்தி நெனக்காம பிள்ளைங்களப் பாத்தவரு, என்னையும் பாத்துக்குவாரு."

கணக்கப்பிள்ளை என் தலையிலிருந்து ஒரு கொழுந்தை எடுத்துக் கீழே போட்டார். பிறகு உள்ளே திரும்பி, "தேத்தண்ணி கொண்டாம்மா," என்றார்.

கல்யாணமாகிப் பல வருசம் கழித்து, மனசு கேட்காமல் அவளிடம் உண்மையைச் சொன்னேன். "நான் மணி அடிக்கல ராணி. பயத்துல கை உதறுச்சு. அதுவா அடிச்சுச்சு."

அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவேயில்லை. "தெரியுங்க. உதறுனது ஜன்னல்லருந்தே நல்லாத் தெரிஞ்சுச்சு. அப்பா மொகம் மாறிருச்சு, நான் எதையாச்சும் சொல்லணுமில்ல?"

பக்கத்தில் இருந்த பிள்ளைகள் காதில் இது விழுந்து தொலைத்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவர் வாயைத் திறந்தாலே, "மணி அடிக்கிறாங்க" என்று சிரிக்கிறார்கள். செல்வராணி அதிகம் அடித்தது எனக்காகத்தான்.