ஃப்ளெக்ஸில் இருப்பது நான்தான்

ஊருக்கு உபதேசம் செய்யும்போது எனக்கு வெட்கமே வராது. அது பிறகு மொத்தமாக வந்து சேரும்.

விளாத்திகுளம் பக்கம் ஒரு பள்ளியில், இணையத்தில் பத்திரமாக இருப்பது எப்படி என்று பேசக் கூப்பிட்டார்கள். நன்றாகப் பேசினால் அங்கேயே கம்ப்யூட்டர் டீச்சர் வேலை. (மருமகள் சும்மா இருக்கிறாள் என்று மாமியார் தெருவுக்கே செய்தி வாசித்த காலம் அது. வேலை கிடைத்தே ஆகவேண்டும்!)

முன்கூட்டியே பிள்ளைகளுக்கு ஆடியோ அனுப்பினேன். "படத்தைப் பார்த்து யாரையும் நம்பாதீங்க. ஆள் அவங்கதானான்னு விசாரிங்க."

அன்றைக்கே ஒரு போன். "ஃப்ளெக்ஸ் கடைலருந்து பேசுதேன். ஒங்களுக்கு வரவேற்பு ஃப்ளெக்ஸ் அடிக்கோம். போட்டோவும் நம்பரும் அனுப்புங்க."

காதுகுத்துக்கே தெருவை அடைத்து ஃப்ளெக்ஸ் கட்டுகிற சீமை எங்களுடையது. எனக்கு ஒன்று என்றால் விடுவேனா? எந்தக் கடை, யார் சொன்னது, ஒன்றும் கேட்கவில்லை. இருப்பதிலேயே அதிகமாக ஃபில்டர் போட்ட படத்தைத் தேடி, நம்பரோடு அனுப்பினேன்.

கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் வெந்து, புழுதி அப்பிப் போய் இறங்கினால், பள்ளி வாசல் ஃப்ளெக்ஸில் நான் மாவில் முக்கியெடுத்த மாதிரி சிரித்துக்கொண்டிருக்கிறேன். கேட்டில் காவலுக்கு இரண்டு மாணவிகள்.

"யாரைப் பாக்கணும்?"

"அது நான்தாம்மா."

ஒருத்தி மேலே பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஏட்டி, இவிய வேற ஆளு. விட்றாத!"

புத்திசாலித்தனமாக ஆதாரை எடுத்துக் காட்டினேன்.

"இது மூணாவது ஆளுல்லா!"

உள்ளே மைக்கில், சிறப்பு விருந்தினரை இன்னும் காணோம் என்கிறார்கள். வேலை போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஃப்ளெக்ஸ்ல நம்பர் இருக்குல்லா, அடிச்சுப் பாப்போம்" என்றாள் மற்றவள். என் பைக்குள் மணி அடித்தது. கேட் திறந்தது.

"டீச்சர், ஒரு சந்தேகம்" என்றாள் அவள். "நம்பரை இம்புட்டுப் பெருசா ரோட்டுல போடலாமா?"

தேடி வந்த தலைமையாசிரியை பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். விழுந்து விழுந்து சிரித்தார். "நீங்க பேசவே வேண்டாம், பாடம் ஏறிட்டு" என்று வேலையைக் கொடுத்துவிட்டார்.

கதை அங்கே முடிந்திருக்கலாம். ஆனால் எங்கள் பக்கம் ஃப்ளெக்ஸைத் தூரப்போடுகிற வழக்கம் கிடையாது. எப்போதும்வென்றான் என்கிற பக்கத்து ஊரில் ஒருவர் அதைக் கொண்டுபோய், ரோட்டோரத்து ஆட்டுக் கொட்டகைக்கு மறைப்பாகக் கட்டிவிட்டார். என் முகமும் நம்பரும் ரோட்டைப் பார்த்து, பின்னால் ஆடுகள்.

"கெடா நிக்கா? என்ன வெலை?" என்று இன்றும் போன் வருகிறது. வெளியே விட்ட தகவலைத் திரும்ப வாங்க முடியாது என்று வகுப்பில் நான் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் "மே" என்கிறார்கள்.

மாமியாரும் செய்தியை மாற்றிவிட்டார். "எம் மருமவ சும்மாவா இருக்கா? பகல்ல டீச்சரு, மிச்ச நேரம் கெடா யாவாரம்!"