பழம் என்னும் அந்நியப் பொருள்

பழத்தைப் பிழிந்து சாறு எடுப்பது ஒரு பெரிய காரியமில்லை. பல் முளைத்த குழந்தைகூடச் செய்யும். பழமே இல்லாமல் பழரசம் எடுப்பதுதான் நாகரிகம். அந்த நாகரிகத்தின் உச்சியில், லாரிகள் ஓயாத ஒரு சாலையோரத்தில், மூன்று தொட்டிகளோடும் தெருமுனை வரை வீசும் ஆரஞ்சு வாசனையோடும் அந்தத் தொழிற்சாலை நின்றுகொண்டிருந்தது.

அதன் ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருஷமாக வேலை பார்த்தவர் சொட்டு அம்மா. தொட்டி நிறையத் தண்ணீர், மூட்டை மூட்டையாகச் சர்க்கரை, புளிப்புக்கு ஒரு தூள், நிறத்துக்கு ஒரு தூள். எல்லாம் கலந்தபின் கண்ணாடிக் குழாயில் எசென்ஸை எடுத்துச் சொட்டுச் சொட்டாக எண்ணி விடுவார். அந்த நிமிஷமே தண்ணீர் ‘தூய ஆரஞ்சுப் பழரச’மாக ஞானஸ்நானம் பெறும். பாட்டில் மேல் பனித்துளியோடு சிரிக்கும் பழத்துக்கும் உள்ளே இருப்பதற்கும் நிறம் மட்டும்தான் உறவு. அதுவும் ஒன்றுவிட்ட உறவு.

இப்படிச் சீரும் சிறப்புமாகப் போய்க்கொண்டிருந்த நிறுவனத்துக்கு ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. நாற்பது பள்ளிக்கூடங்களுக்குத் தினமும் ‘ஆரோக்கிய பானம்’ தரவேண்டும். கூடவே ஒரு சோதனையும் வந்தது: பானத்தில் பழம் சேர்க்கப்பட வேண்டுமாம்.

முதலாளி அவசரக் கூட்டம் போட்டார். தர மேலாளர் பக்கத்தில் உட்கார்ந்தார். தரத்தைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று கேட்பவர்கள், அவர் முதலாளி மனைவியின் தம்பி என்பதை மறந்துவிடுகிறார்கள்.

“ஜூஸ்ல எதுக்குப் பழம்?” என்று முதலாளி மனம் நொந்து கேட்டார். “ஏன் இப்படிக் கொடுமைப்படுத்துறாங்க?”

மைத்துனர் விதியை இரண்டு முறை வாசித்தார். முகம் மலர்ந்தது. “மாமா, ‘பழம்’னுதான் போட்டிருக்கு. ‘பழங்கள்’னு இல்லை.”

இலக்கணம் ஒரு நிறுவனத்தைக் காப்பாற்றியது சரித்திரத்தில் அதுவே முதல் தடவை. ஒரு பழம் வாங்குவது என்று ஏகமனதாக முடிவாயிற்று. மூன்று தள்ளுவண்டிகளில் விலை விசாரித்து, மைத்துனரின் காரில் முன் இருக்கையில் உட்காரவைத்து அதை அழைத்து வந்தார்கள். ஊழியர்கள் வரிசையாக நின்று கை தட்டினார்கள். மூன்றாம் தொட்டியில் முதலாளி தம் கையாலேயே அதைப் போட்டார்.

“தோல உரிக்க வேண்டாமா சார்?” என்றார் சொட்டு அம்மா.

“முழுசா இருக்கட்டும்மா. நாளைக்கு யாராவது எண்ணிப் பார்த்தா?”

கால்மணி நேரத்தில் பழம் குழாய் வாயில் போய் உட்கார்ந்துகொண்டது. இயந்திரம் முக்கியது, முனகியது, நின்றது. மெக்கானிக் ஓடி வந்து கையை விட்டுப் பழத்தை வெளியே எடுத்தார்.

“யாரு சார் இதை உள்ள போட்டது? இது ஜூஸ் மெஷின். பழத்தையெல்லாம் தாங்காது.”

விசாரணை நடந்தது. குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டிருந்ததால் சாட்சி தேவைப்படவில்லை. ‘ஆரஞ்சுப் பழம் என்னும் அந்நியப் பொருள் கண்டறியப்பட்டு, உடனடியாக அகற்றப்பட்டது’ என்று மைத்துனர் அறிக்கை எழுதினார்.

மறுநாள் காலை சொட்டு அம்மா மகளுக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டாம் வகுப்புப் படிக்கும் பெண். தலையை ஓரிடத்தில் வைக்கமாட்டாள்.

“அம்மா, எங்க ஸ்கூல்ல உன் ஜூஸ் குடுக்கப் போறாங்களாம்! எங்கம்மா செஞ்சதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். முதல் டம்ளர் எனக்குத்தான்.”

பின்னல் பாதியில் நின்றது. “நீ குடிக்காதே” என்று சொல்லிவிடலாம். பக்கத்தில் உட்காரும் பெண்ணுக்கு யார் சொல்வது? அன்று ஆய்வுக்கூடத்தில் அவர் மூன்று தடவை எண்ணிக்கையைத் தவறவிட்டார்.

பிற்பகல் உணவு ஆய்வாளர் வந்தார். கோப்பின் மேல் அபார பக்தி உள்ளவர்.

“பழம் சேர்த்தீங்களா?”

“சேர்த்தோம் சார்.”

“இப்ப இருக்கா?”

“சேர்த்தோம் சார்” என்றார் மைத்துனர் இன்னும் பணிவாக.

ஆய்வாளர் யோசித்தார். “சேர்க்கணும்னுதான் விதி. சேர்த்ததை எடுக்கக் கூடாதுன்னு எங்கயும் இல்லை. சரி, சான்றிதழ்ல ருசி பார்த்தவங்க கருத்துன்னு ஒரு கட்டம் காலியா இருக்கே?”

சொட்டு அம்மா நான்கு டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தார். “குடிச்சுப் பாருங்க சார்.”

“எனக்குச் சர்க்கரைம்மா” என்றார் ஆய்வாளர்.

“எனக்குப் பல்லு கூசும்” என்றார் மைத்துனர்.

முதலாளி டம்ளரை ஓர் அங்குலம் தள்ளி வைத்தார். “எனக்கு இந்தக் கலரே ஒத்துக்காது.”

“அப்ப யாருதான் சார் குடிக்கிறது?”

“பிள்ளைங்கம்மா!” என்றார் முதலாளி, கண்களில் பாசம் பொங்க. “அதுங்கதான் எதைக் குடுத்தாலும் குடிக்கும்.”

சொட்டு அம்மா தமக்கென ஊற்றிய நான்காவது டம்ளரைப் பார்த்தார். அதையும் யாரும் தொடவில்லை. பேனாவைத் திறந்து, காலிக் கட்டத்தில் நிதானமாக எழுதினார்: ‘ஆய்வாளர், முதலாளி, தர மேலாளர், நான் ஆகிய நால்வரும் இதைக் குடிக்க மறுத்துவிட்டோம். நால்வரும் நலம்.’ கீழே கையெழுத்தும் போட்டார்.

கட்டம் நிரம்பிவிட்டது. நிரம்பிய கட்டத்தைப் படிக்கும் கெட்ட பழக்கம் ஆய்வாளருக்கு இல்லை. முத்திரை குத்தினார். மைத்துனர் அந்தச் சான்றிதழை நாற்பது பிரதி எடுத்து, சட்டம் போட்டுப் பள்ளிகளுக்கு அனுப்பினார். அவையும் பெருமையாக வாசலில் மாட்டின. பிள்ளைகளைக் கொண்டுவிட வந்த பெற்றோருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்திருந்தது நிறுவனத்தின் கெட்ட நேரம். மூன்றாம் நாள் பாட்டில்கள் போன லாரியிலேயே திரும்பி வந்தன.

முதலாளி சொட்டு அம்மாவைக் கூப்பிட்டார். வேலையை விட்டு நீக்கும் கடிதம் மேசைமேல் தயாராக இருந்தது. அவர் குரல் நிஜமாகவே தழுதழுத்தது.

“உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணிட்டியேம்மா!”

சொட்டு அம்மா கடிதத்தை எடுத்து மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

“உண்டேன் சார், இல்லேங்கல. நான் குடிக்காததை இத்தனை வருஷமா ஊரைக் குடிக்க வச்சேனே, ரெண்டகம்னா அதுதான் சார்.”