மூட்டை நத்தையின் ஒரு வரி

அன்புள்ள எடிட்டர் தம்பிக்கு,

உங்கள் பொம்மைப்படத்தில் மூட்டை நத்தைக்குக் குரல் கொடுக்கிறவளின் பாட்டி எழுதிக்கொள்வது. இங்கே நானும் பேத்தியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் கடிதத்தைப் பொய்யோடு ஆரம்பிக்கக் கூடாது என்று எங்கள் ஐந்தாம் வகுப்பு டீச்சர் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் நான் படிக்கவில்லை, அதனால் அவர் சொன்னது எதுவும் மறக்கவில்லை. நீங்களும் உங்கள் வீட்டாரும் நல்லபடி இருக்கவேண்டும்.

நேற்று நீங்கள் வீட்டுக்கு வந்து, நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்து, "ஒரு வரிதானே பாட்டி, யார் வேணும்னாலும் சொல்லிடலாம், திங்கக்கிழமை ஒரு புதுப் பொண்ணை வரச்சொல்லியிருக்கோம்" என்றீர்கள். தொண்டையில் ஆபரேஷன் ஆனவள் நாற்பது நாள் கிசுகிசுக்கக்கூடக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு, அதனால் அவள் சிலேட்டில்தான் பேசுகிறாள், அதுவும் கையா மிஷினா என்று தெரியாத வேகத்தில் எழுதி, நான் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அழித்துவிடுகிறாள். முந்தாநாள் "கதவைத் திறக்காதே" என்று எழுதினாளாம், நான் "கதவைத் திற" வரைக்கும் படித்து, போய்த் திறந்து, பக்கத்து வீட்டுப் பூனை உள்ளே வந்து பால் பாத்திரத்தைக் கவிழ்த்து, துடைக்கப்போன நான் வழுக்கி, அவளுக்குச் சிரிப்பு வந்து, சிரிக்கவும் கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் தண்ணீர் வர நின்றாள். நேற்று உங்களுக்கும் என்னவோ எழுதினாள். நீங்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அழித்துவிட்டாள். எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு வார்த்தை: "கொஞ்சம்". அதற்குப் பின்னால் என்ன இருந்தது என்று அவளும் சொல்லமாட்டேன் என்கிறாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

அது ஒரு வரிதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. முதுகில் வீட்டைச் சுமந்துகொண்டு பந்தயம், கல்யாணம், தீயணைப்பு என்று எல்லாவற்றுக்கும் கடைசியாக வந்து சேருகிற நத்தை, ஊரே திட்டக் காத்திருக்கும்போது நின்று, மூச்சு வாங்கி, "வந்துட்டேன்ல... அப்புறம் என்ன?" என்று கேட்கும். அவ்வளவுதான். ஆனால் இப்போது அந்த வரி டி.வி. பெட்டிக்குள்ளா இருக்கிறது? எங்கள் தெருவுக்கு வருகிற பஸ்ஸின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறது. குழாய் ரிப்பேர் பண்ணுகிறவர் நாலு நாள் தாமதமாக வந்து வாசலில் நின்று அதைச் சொல்ல, நான் பத்திரமாகச் சேர்த்துவைத்திருந்த திட்டெல்லாம் வீணாகிப்போனது. ஒரு நர்ஸம்மா பேத்திக்கு எழுதியிருந்தார்: சொன்ன தேதிக்குப் பன்னிரண்டு நாள் கழித்துப் பிறந்த குழந்தைக்காக வார்டில் இருந்த எல்லாரும் ஒரே குரலில் அதைச் சொன்னார்களாம். இன்னொரு பெண், அம்மாவோடு ஒன்பது வருஷம் பேச்சுவார்த்தை இல்லாதவள், ஒருநாள் அம்மா வீட்டு வாசலில் போய் நின்றாளாம். மன்னிப்பு என்று யோசித்துவைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. நத்தை வரிதான் வந்தது. அம்மா கதவை விரியத் திறந்து, "சரி, செருப்பைக் கழட்டிட்டு உள்ள வா" என்றாராம். அந்தக் கடிதத்தை நான் மூன்று தரம் படித்தேன். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவளுக்கு மூன்று தரம் என்பது ஒரு சாயங்காலம்.

அந்த வரி எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. நான் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து நான் போவதற்குள் பிள்ளைகள் காப்பகத்தில் மற்ற பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குப் போயிருக்கும். செருப்பு ஷெல்ஃப் மேலே முதுகுப் பையோடு இவள் மட்டும் உட்கார்ந்திருப்பாள், உதடு பிதுங்கி. காப்பகம் இரண்டாவது மாடி. ஓடிப்போய் நின்றால் எனக்கு மூச்சே இருக்காது, அவள் உதட்டைப் பார்த்துவிட்டு அந்த வரியைத்தான் சொல்வேன். "வந்துட்டேன்ல"க்கும் "அப்புறம் என்ன"க்கும் நடுவில் இருக்கிற அந்த இடைவெளியில் இரண்டு மாடிப் படி இருக்கு தம்பி. குரல் தேர்வுக்குப் போனபோது நீங்கள் கொடுத்த தாளில் "நத்தை வருகிறது, மூச்சு வாங்குகிறது" என்றுதான் இருந்ததாம். மிச்சத்தை இவள்தான் போட்டாள்.

அதைத் திங்கட்கிழமை வரப்போகிற பெண் எப்படிச் சொல்வாள்? சொன்னால்தான் சனங்கள் விடுவார்களா? ஒரு தரம் நீங்கள் அந்த இடைவெளியைக் கத்தரித்ததற்கே பதினோரு பேர் திட்டி எழுதினார்கள். குரலையே மாற்றினால் குழாய்க்காரர்கூடக் கண்டுபிடித்துவிடுவார். உங்கள் காதுக்குத் தப்புமா? அவள் காதுக்குத் தப்புமா? உலகத்தில் அவள் ஒருத்தியைத் தவிர யாராலும் அந்த வரியைச் சொல்ல முடியாது, இதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். இன்னும் இருபத்திரண்டு நாள்தான். நத்தை தாமதமாக வந்தது என்று யாராவது கோபித்துக்கொள்வார்களா? கொஞ்சம் பொறுங்கள்.

உங்கள் பிள்ளைகள் நல்ல தொண்டையோடும், உங்கள் சொல்லை நடுவில் அழிக்காத மனிதர்களோடும் நீண்ட நாள் வாழட்டும்.

இப்படிக்கு,
மூட்டையின் பாட்டி

பி.கு.: கடிதத்தைப் பொய்யோடு ஆரம்பிக்கக் கூடாது என்றுதான் டீச்சர் சொன்னார், நடுவில் வரலாமா என்று சொல்லவில்லை. ஆபரேஷன் ஆன நாலாம் நாள், சத்தம் கலந்து கெட்டுப்போன அந்த வரியை "ஒரே ஒரு தடவை" பேசி அனுப்பச் சொல்லி அவள் போனுக்குச் செய்தி போட்டீர்களே, அவள் மதியத் தூக்கத்தில் இருந்தாள். எழுந்து பார்த்திருந்தால் பேசியிருப்பாள், தொண்டை போயிருக்கும். அதனால் போனை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, இரண்டு மாடி ஏறி வந்து, மூச்சு இரைக்க நானே சொல்லி அனுப்பினேன். "அருமை! இந்த மூச்சு வேற யாருக்கு வரும்!" என்று பதில் போட்டீர்கள். படத்திலும் வந்துவிட்டது. ஒருத்தரும் எழுதிக் கேட்கவில்லை. குழாய்க்காரர் சிரித்தார். இவளும் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, நான் படிக்கட்டும் என்று பெரிய எழுத்தில் மெதுவாக எழுதினாள்: "இது நான் எப்பப் பேசினது?" பழசு என்றேன்.

ஆகவே மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். யார் வேண்டுமானாலும் சொல்லலாம் என்றால் அந்த யாரோ நானாக இருந்துவிட்டுப் போகிறேன், இருபத்திரண்டு நாளைக்கு மட்டும், படத்தில் அவள் பேரோடு. புதுப் பெண்ணை வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் ஆபீசில் லிப்ட் உண்டாம், நான் படியில்தான் ஏறி வருவேன். திங்கட்கிழமை கொஞ்சம் முன்னே பின்னே ஆனால் கோபிக்க வேண்டாம், வந்து நின்றதும் என்ன சொல்வேன் என்று உங்களுக்கே தெரியும்.